இருபது வயலினுக்கு ஒரு கை

சுபலட்சுமிக்குச் சந்தேகம் வந்தது அந்த ஒத்தை ஸ்வரத்தில்தான்.

அதுவரைக்கும் மருதுவின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அவன் ரிக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தான். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. படுக்கையறை அளவுக்கு ஓர் அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தையும் ஜமுக்காளமும் தொங்கும். வயலின் வில்லை முழுசாக இழுத்தால் நுனி சுவரில் இடிக்கும். அந்த அறைக்குள்ளிருந்துதான் கோயில் பாட்டு, குறும்படம், கல்யாண வீடியோ என்று எல்லாவற்றுக்கும் இருபது பேர் சேர்ந்து வயலின் வாசிக்கிற சத்தத்தை மருது உண்டாக்குவான். இருபது பேருக்கும் சேர்த்து ஒரே ஆள் சுபலட்சுமி.

செய்கிற விதம் இப்படி. ஒரு வரியை அவள் வாசிப்பாள். அப்புறம் நாற்காலியை ரெண்டடி தள்ளிப் போட்டு அதே வரியை வாசிப்பாள். அப்புறம் மருதுவிடம் இருக்கிற பழைய வயலினை எடுத்து, அப்புறம் கச்சேரிக்கு உட்காருகிற மாதிரி தரையில் சம்மணம் போட்டு, அப்புறம் மைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "அசைவு வேணாம் யக்கா, கமகத்த வீட்டுல வச்சுட்டு வாங்க. நேரா இழுங்க" என்பான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவான். அடியில் கீபோர்டு சத்தத்தை மெலிசாகப் பூசுவான். மேலே பாட்டும் தவிலும் வந்து உட்கார்ந்துவிட்டால் கேட்கிறவனுக்கு இருபது பேர்தான். ஒருத்தியைக் கூட்டமாக்குகிற அந்த வித்தை அவளுக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு, தன் கை ஒரு பட்டாளமாகக் கேட்பது சும்மாவா?

பங்குனியில் ஒருநாள் மருது பாட்டு எதுவும் கொடுக்கவில்லை.

"யக்கா, இன்னைக்கு ஒத்த ஸ்வரம் மட்டும். ஒண்ணொண்ணா நீட்டுங்க. மொதல்ல மெதுவா, அடுத்து நடுத்தரமா, அடுத்து ஓங்கி. கீழருந்து மேல வரைக்கும்."

"எதுக்குத் தம்பி?"

"சும்மா டெஸ்ட்டுக்கா."

டெஸ்ட் என்கிறவன் எதற்குக் கம்ப்யூட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும்? சுபலட்சுமி அதைக் கவனித்தாள். முந்தின வாரம்தான் மேலூரில் ஒரு புல்லாங்குழல்காரர் அவளிடம் புலம்பியிருந்தார். யாரோ அவரைக் கூப்பிட்டு இப்படித்தான் ஒவ்வொரு ஸ்வரமாக ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவருக்கு அழைப்பே இல்லை. அவருடைய குழல் மட்டும் ஊர் ஊராகப் பாட்டில் ஊதிக்கொண்டிருக்கிறதாம்.

வில்லை எடுத்தாள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆரம்பத்தில் சரியாகத் தொட்டாள். நீட்டிக்கொண்டே போகையில் விரலை ஒரு நூல் இறக்கினாள். காது கூர்மையாக இல்லாதவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும், களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். மருது பதிவை நிறுத்தினான். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "போதும்க்கா" என்றான். அந்தக் குரல் எப்போதும் போல இல்லை.

தன் ஊர் தென்கரைக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அழகுபாண்டி வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவன். எதையும் கொடிக்காலை வைத்துத்தான் யோசிப்பான்.

"வெத்தலைய வித்தா நாளைக்கும் வாங்க வருவான். வெதக்கொடியவே வெட்டிக் குடுத்துட்டா அவன் சொந்தமா ஊண்டிக்கிருவான். அப்புறம் நம்ம வாசலுக்கு எதுக்கு வாரான்?"

"நான் ஒழுங்காக் குடுக்கலங்க."

"அதுஞ்சரி. சொத்தக் கொடியக் குடுத்திருக்க. அதுக்கும் வரமாட்டான்" என்று சிரித்தான்.

அவன் சிரித்தது பலித்தது. சித்திரை போனது, வைகாசி போனது, மருதுவிடமிருந்து அழைப்பு இல்லை. இவள் கூப்பிட்டால், "வேலை ஒண்ணும் இல்லக்கா, வந்தா சொல்றேன்" என்று அவசரமாக வைத்தான். வேலை இல்லாதவனுக்கு என்ன அவசரம்?

ஆனிக் கடைசியில் மேலூரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் வாசிக்கப் போவதற்காக மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றாள். தலைக்கு மேல் டிவியில் ஒரு பட்டுச்சேலைக் கடை விளம்பரம் ஓடியது. பின்னால் வயலின் கூட்டம் ஒன்று எழும்பி வந்தது. சுபலட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்டாள். கேட்டதும் டிவிக்கு நேர் கீழே போய் நின்றாள்.

அவள் வாசிப்பில் ஒரு குறை உண்டு. வில்லை ஒரு பக்கம் இழுத்து முடித்து மறுபக்கம் திருப்புகிற இடத்தில், அவள் கை லேசாக ஒரு அழுத்து அழுத்திவிட்டுத்தான் விடும். சளி பிடித்தவன் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு பொடிச் சத்தம் வரும். வாத்தியார் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டார், போகவில்லை. மருதுதான், "இது இருந்தாத்தேன் யக்கா மனுசி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்பான். அந்த உறிஞ்சல் டிவியில் கேட்டது. ஒவ்வொரு வரி முடிவிலும், அதே இடத்தில், அதே மூக்கு.

அந்த மெட்டை அவள் ஜென்மத்தில் வாசித்ததில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். "நான் குடுத்த ஸ்வரத்த எப்புடியோ சரி பண்ணிட்டான். என் கைய வெட்டி எடுத்துட்டுப் போயி மெஷினுல மாட்டிக்கிட்டான்."

"நாந்தேன் அப்பவே சொன்னேன்ல" என்றான் அழகுபாண்டி.

சோறு போட்டுக்கொண்டிருந்த அவன் தங்கச்சி பாண்டீஸ்வரி, "எல்லா வயலினும் ஒண்ணு போலத்தான அண்ணி கேக்கும்?" என்றாள்.

"நான் இருமினா ஒனக்குத் தெரியாதா, வாசல்ல வாரது அண்ணியின்னு? அந்த மாதிரி."

பாண்டீஸ்வரி ரசத்தை ஊற்றினாள். இலையில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். மதுரையில் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் போகிறவள். பரீட்சை நெருங்கினால் கவனம் இப்படித்தான் சிதறும் என்று சுபலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

ரெண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, போன் பண்ணாமலே, வேலைக்கு வருகிறவள் மாதிரி வயலின் பெட்டியோடு ஸ்டுடியோவுக்குப் போனாள். போன் பண்ணினால் மறைப்பதற்கு நேரம் கொடுத்த மாதிரி ஆகும். மாடிக்கதவு பூட்டியிருந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்கு முன்னால் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அவுக மண்டபத்துக்குல போயிருக்காக. ஒத்தக்கடையில. ஆடி பொறந்திருச்சுல்ல, மண்டபம் சும்மாதான கெடக்குது. அங்கன போயி மைக்க வச்சாத்தேன் சத்தம் பெருசா இருக்குமாம்."

"யார் யாரு போனாக?"

"பெட்டியும் வயரும் கொண்டு போனாக. யாருன்னு நாங் கண்டேனா? ஒனக்குப் பூ வேணுமா?"

ஷேர் ஆட்டோவில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கினாள். கல்யாண மண்டபத்து கேட் சாத்தியிருந்தது, பூட்டவில்லை. வாசலில் போன முகூர்த்தத்து வாழைமரம் காய்ந்து சாய்ந்து கிடந்தது. உள்ளே வயலின் கேட்டது.

நின்றுவிட்டாள். மெதுவாக எழும்புகிற, துக்கமான ஒரு வரி. முடிகிற இடத்தில் உறிஞ்சல். நின்றது. மறுபடி அதே வரி, அதே உறிஞ்சல்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சின்ன அறையில் எடுத்த சத்தம் பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருக்கும் என்று மருதுவே சொல்லியிருக்கிறான். அந்தச் சத்தத்தைப் பெரிய கூடத்தில் ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டு, கூடத்தின் எதிரொலியோடு திரும்பப் பிடித்தால் நிஜம் போல ஆகும் என்றும் சொல்லியிருக்கிறான். அப்படியானால் தன் கையைத் திருடியது போதாதென்று, அதற்குக் குடியிருக்க வீடும் பார்த்துக் கொடுக்கிறான்! முன்வாசல் வழியாகப் போனால் நிறுத்திவிடுவான். சமையல்கட்டுப் பக்கம் சுற்றிப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாக்களைத் தாண்டி, பந்தி நடக்கிற இடத்தின் வழியாகக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஸ்பீக்கர் இல்லை. கூடத்து நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வளைவாகப் போட்டுக் கிடந்தன. எல்லாம் காலி. ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் ஆள். மருதுவின் பழைய வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு, நாடியைச் சாய்த்து, கண்ணை மூடிப் பாண்டீஸ்வரி வாசித்துக்கொண்டிருந்தாள்.

வரி முடிந்தது. உறிஞ்சினாள்.

"ஏன்டி" என்றாள் சுபலட்சுமி. அந்தக் காலிக் கூடத்தில் அது நாலு தடவை கேட்டது.

பாண்டீஸ்வரி எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த மருது ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டான்.

"இதுதான் ஒம் பேங்க் பரீட்சையா?"

"அண்ணி, பரீட்சைக்கும் போறேன். இதுக்கும் வாரேன்."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கையில அடுப்படியில நின்னு கேட்டேன். நீங்க இல்லாதப்ப எடுத்து வாசிச்சேன். இம்புட்டு வருசமா ஒங்க கையத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்? வேற யாரப் பாத்தேன்?"

கையைப் பார்த்தவள் அதன் கோணலையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறாள். நம் பக்கத்தில் அப்படித்தான் பழகுகிறார்கள். எது அழகு, எது குறை என்று பிரித்துத் தருவதற்கு ஆள் இருந்தால்தானே?

சுபலட்சுமி மருதுவிடம் திரும்பினாள். "நீ சொல்லு."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பொய் சொல்லலக்கா. அன்னைக்கு ஒங்க ஸ்வரத்த மெஷினுல ஏத்தலாம்னுதான் எடுத்தேன். நீங்க ஒவ்வொண்ணையும் கீழ எறக்கிட்டீங்க. சரி பண்ணிப் பாத்தேன், தகர டப்பாவத் தட்டுன மாதிரி வந்துச்சு. அழிச்சுட்டேன். ஒங்களுக்கு எம்மேல நம்பிக்கை போயிருச்சுன்னு தெரிஞ்சது. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுவேன்? அப்பத்தான் இது போன் பண்ணுச்சு."

"நாந்தான் அண்ணி பண்ணேன். ஒங்க போன்லருந்து நம்பர எடுத்தேன். அந்தச் சேலைக்கடை விளம்பரத்துக்கும் நாந்தான் வாசிச்சேன்."

"நல்லாருக்கு. வீட்டுக்குள்ளயே ஒருத்தி." சுபலட்சுமி விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "எதுக்கு இந்த வேலை?"

மருது சொன்னான். கொட்டாம்பட்டிக்காரர் ஒருவர் எடுக்கிற முதல் படம். மகனை எரித்துவிட்டுத் தகப்பன் தனியாக வயல் வழியே நடந்து வருகிற இடம். வசனம் இல்லை, பாட்டு இல்லை, தவில் இல்லை. வெறும் வயலின் கூட்டம் மட்டும். மூன்று தடவை அனுப்பியாயிற்று. மூன்று தடவையும் டைரக்டர் திருப்பிவிட்டார். "இது ஆளா மெஷினா மருது?" என்று கேட்டாராம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் சென்னைக்குப் போய் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

"இவ்வளவுக்கும் ஆளுதான்க்கா வாசிக்குது. என்னான்னே புடிபடல."

"போடு, கேப்போம்."

அடுக்கி வைத்திருந்ததைப் போட்டான். வயலின்கள் சேர்ந்து எழுந்தன. வரி முடிகிற இடத்தில் அத்தனையும் சேர்ந்து, ஒரே நேரத்தில், மூக்கை உறிஞ்சின. ஒரு மெட்டைக் கூட்டமாக வாசித்த மாதிரி இல்லை; ஒரே பொம்பளையைக் கண்ணாடி அறையில் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. பாட்டும் தவிலும் மேலே இருந்தவரைக்கும் மூடிக் கிடந்தது, எல்லாம் உரித்துப் போட்டதும் வெளியே வந்துவிட்டது.

சுபலட்சுமிக்கு ஒரு கணம் எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போனால் இந்த வேலை கெடும். மருது கெடுவான். அவன் கெட்டால் இனி தன் கைக்கும் மதுரையில் வேறு இடம் இல்லை. தான் பாண்டீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தால்கூட, ரெண்டு பேரும் ஒரே மூக்கு; தான் மாற்றி வாசித்தால்தான் உண்டு.

"மைக்கப் போடு" என்று தன் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தாள்.

முதல் தடவை உறிஞ்சல் வந்தது. ரெண்டாம் தடவையும் வந்தது. பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா பயமா என்று தெரியவில்லை. "சிரிச்ச, பல்லப் பேத்துருவேன்" என்றாள் சுபலட்சுமி. பிறகு வில்லை அடியில் பிடிக்காமல் நாலு விரல்கடை மேலே தள்ளிப் பிடித்தாள். அங்கே பிடித்தால் கைக்கு அழுத்துவதற்குப் பாரம் கிடைக்காது. சத்தம் கொஞ்சம் ஒல்லியாக வந்தது. ஆனால் வில் திரும்பிய இடம் தெரியவில்லை. அவளுக்கே அது அடுத்த வீட்டுக்காரி வாசிக்கிற மாதிரி இருந்தது.

மத்தியானம் முழுக்க வாசித்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள், புறாக்களை விரட்டினார்கள். பாண்டீஸ்வரி ஒரு நாற்காலியில், இவள் எட்டி ஒரு நாற்காலியில். அப்புறம் இடம் மாறி, வயலின் மாறி, ஒருத்தி முந்தி, ஒருத்தி சற்றே பிந்தி. வேர்வை நாடியில் வழிந்து வயலினில் சொட்டியது. கடைசியில் மருது எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டபோது சுபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டு தன்னைத் தேடினாள். அகப்படவில்லை. யார் யாரோ உட்கார்ந்து வாசித்தார்கள். சிலருக்கு மூக்கு அடைத்திருந்தது, சிலருக்கு இல்லை. நிஜமான கூட்டம்.

மருது அதை டைரக்டருக்கு அனுப்பினான். பேக்கரியிலிருந்து வாங்கி வந்த டீ ஆறுவதற்குள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"இப்பத்தான்டா மாப்ள ஆளு வாசிக்கிற மாதிரி இருக்கு! எம்புட்டுப் பேரக் கூப்புட்ட?"

"இருபது பேருண்ணே. மண்டபமே நெறஞ்சிருச்சு."

கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னான். பாண்டீஸ்வரி சிரித்தாள். சுபலட்சுமியும் சிரித்துவைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட வரவில்லை.

ஊருக்குத் திரும்புகிற சோழவந்தான் பஸ்ஸில் பாண்டீஸ்வரிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அது அரிக்க ஆரம்பித்தது. இவ்வளவு லேசாக ஒரு பொய்யைச் சொல்கிறவன், 'அழிச்சுட்டேன்' என்று சொன்னது மட்டும் நிஜமாகவா இருக்கும்? இருந்துவிட்டுப் போகட்டும், அந்தச் சொத்தை ஸ்வரத்தை வைத்து அவனால் என்ன செய்ய முடியும்? இப்படித் தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டு கோச்சடை தாண்டினாள். அப்போதுதான் வேறொன்று உறைத்தது.

"பாண்டீசு, ஒங்கிட்டயும் ஒத்த ஸ்வரம் எடுத்தானா?"

"ஆமா அண்ணி. வந்த புதுசுல. ஒண்ணொண்ணா, மெதுவா, ஓங்கி, எல்லாம்."

"எப்புடி வாசிச்ச?"

"ரொம்பச் சுத்தமா வாசிச்சேன் அண்ணி. மருதண்ணனே அசந்துட்டாரு. ஒரு எடத்துலகூட எறங்கலன்னாரு."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சுபலட்சுமி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்து மருதுவைக் கூப்பிட்டாள். மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தான்.

"என்னக்கா, ஊருக்குப் போயிட்டீகளா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் குரலுக்குப் பின்னால் வயலின் கேட்டது. மண்டபத்து வரி இல்லை, சேலைக்கடை விளம்பரமும் இல்லை. துள்ளிக்கொண்டு ஓடுகிற ஏதோ கல்யாண மெட்டு. வரி முடிகிற இடத்தில் ஓர் உறிஞ்சல். உடனே மறுபடி அதே வரி, இந்தத் தடவை வேறு ஸ்வரத்தில் முடிந்து, அதே உறிஞ்சல்.

போனைப் பாண்டீஸ்வரியின் காதில் வைத்தாள். "இது நீ வாசிச்சதா?"

பாண்டீஸ்வரி கேட்டாள். முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"யார்றா அங்க வாசிக்கிறது?" என்றாள் சுபலட்சுமி போனில். 'தம்பி' போய்விட்டது.

வயலின் சட்டென்று நின்றது. "ஒண்ணுமில்லக்கா, சும்மா டெஸ்ட்டு."

வைத்துவிட்டாள். துவரிமான் நிறுத்தத்தில் பஸ் நின்றுகொண்டிருந்தது. வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சோழவந்தான்னுல டிக்கெட்டு எடுத்தீக?" என்றார் கண்டக்டர்.

"இங்கனயே எறங்கிக்கிறோம்ணே. பாண்டீசு, எந்திரி."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். வெயில் இறங்கிவிட்டது, வாய்க்கால் பக்கமிருந்து ஆடிக்காற்று மண்ணை வாரி அடித்தது.

"போயி அழிக்கச் சொல்லப் போறோமா அண்ணி?"

"அழிச்சேம்பான். அழிச்சானான்னு யாரு கண்டா? அந்தக் கொட்டாம்பட்டி ஆளுக்குப் போன் போடச் சொல்லப் போறேன். இருபது பேரு யார் யாருன்னு நாம ரெண்டு பேரும் சொல்லுவோம். நீ குடுத்த ஒத்த ஸ்வரத்தக் கோத்து அவன் மெஷினு தானா வாசிக்கறதையும் சொல்லுவோம். அதுக்கப்புறம் எவன் வேலை குடுக்க வந்தாலும், ஆளா மெஷினான்னு மருதுகிட்டக் கேக்கட்டும்."

பாண்டீஸ்வரி பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். "அந்த ஆளு கோவிச்சுக்கிட்டு எல்லாத்தையும் வேணாம்னுட்டா? இன்னைக்கு நம்ம வாசிச்சதும் சேந்து போயிருமே அண்ணி. அம்புட்டு நல்லா வந்துச்சே."

நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்கு முன்னாலும் அப்படி வந்ததில்லை, இனி வருமா என்றும் தெரியாது. மேலக்கால் பக்கமிருந்து மதுரை பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

"போகட்டும்" என்று சொல்லிவிட்டு, சுபலட்சுமி ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள்.